பேறுகாலமும் பேரிடர்காலமும்

(அக்குறணையில் உழவர்களும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருத்துவ மாது ஒருவர் ஆற்றிய உரை)

   

மேடையேறிப் பேசுவது எனக்குப் பழக்கப்பட்ட தொழிலன்று. 1986 முதல் 2021 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் நான் பேசியதெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் அடுப்பங்கரையிலும் பாயோரத்திலுமேயாம். கதவைத் தட்டுவேன்; "மிஸ்ஸி வந்திருக்கா" என்று உள்ளே குரல் கேட்கும்; பாக்குவெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுப் பெரிய உம்மா பாயை விரிப்பார். அந்தப் பாய்தான் எனக்கு மேடை. இன்று ஒலிபெருக்கி முன் நிறுத்தியிருக்கிறீர்கள். தவறிருப்பின் பொறுத்தருள்க.

மிளகும் கராம்பும் சாதிக்காயும் விலை வீழ்ந்து கிடப்பதைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்திலே மருத்துவ மாதுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நியாயமான கேள்விதான். ஆனால், நாட்டுக்கு ஓர் ஆபத்து வரும்போது அது முதலில் நுழைவது சந்தைக்குள்ளா, வீட்டுக்குள்ளா? வீட்டுக்குள்தான். வீட்டிலும் யாரை முதலில் பிடிக்கிறது? பிள்ளையைச் சுமப்பவளையும் பிறந்து நாற்பது நாள் ஆகாத சிசுவையுமே பிடிக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஆயினும் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் நம் காலத்துத் துன்பங்களை அளக்க நம் பாட்டிமார் காலத்துக் கோலொன்று நமக்கு வேண்டும்.

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலியும் மாஓயாவும் தெதுறு ஓயாவும் ஒடுங்கி, ஆற்று மணலிடையே குட்டை குட்டையாக நீர் தேங்கிற்று. ஓடும் நீரில் பெருகமாட்டாத நுளம்பு தேங்கிய நீரில் கோடி கோடியாகப் பெருகிற்று. உலர்ந்த வன்னிக் காட்டுக்கே உரியது என்று நாம் எண்ணியிருந்த மலேரியாக் காய்ச்சல், மழை வளம் மிக்க ஊர்களுக்குள் புகுந்தது. கேகாலையும் குருநாகலும் பட்ட பாடு சொல்லுந் தரமன்று. இந்தக் கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தாழ்நிலங்களும் தப்பவில்லை. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன.

அந்த 80,000 என்ற எண்ணை எல்லாரும் சொல்லுவார்கள். அதற்குள்ளே அடங்கிய இன்னோர் எண்ணை யாரும் சொல்லுவதில்லை. 1935ஆம் ஆண்டில் இலங்கையிலே ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,650 தாய்மார் இறந்தனர். அதாவது, முப்பத்தெட்டுப் பேறுக்கு ஒரு தாய்! அவ்வாண்டு பிறந்த பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 263 பிள்ளைகள் முதலாவது பிறந்த நாளைக் காணவில்லை; நாலில் ஒன்றுக்கு மேல்! காய்ச்சலால் இரத்தம் வற்றிய உடம்பு பேறுகாலத்து இரத்தப்போக்கைத் தாங்கவில்லை. கருச் சிதைந்தது, குறைமாதத்தில் பிறந்தது, பிறந்ததும் குளிர்ந்தது. கொய்னா வில்லை கொண்டுபோன தொண்டர்கள் இருந்தார்கள், கஞ்சித்தொட்டி வைத்த தருமவான்கள் இருந்தார்கள். ஆனால் "இந்த வீட்டிலே எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள், இன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள்" என்று அறிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தாரா? பெரும்பாலான ஊர்களில் இல்லை.

அந்த அறிவைச் சுமப்பவளே மருத்துவ மாது. பிள்ளை பிறக்கும்போது கொடியறுப்பவள் என்று மட்டும் நினைத்தால் அது பாதிக் கதை. பரம்பரை மருத்துவிச்சி கொடியறுத்தாள். பலர் கைராசியோடு நன்றாகவே செய்தனர். அவர்களை நான் இழித்துரைக்க மாட்டேன். அவளை ஆள் விட்டு அழைத்தால்தான் வருவாள். மருத்துவ மாதோ அழைக்காமலே வருபவள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கொழும்பிலே டி சொய்சா பிரசவ விடுதி 1879இல் எழுந்தது, அது நகரத்துக்கு. ஊர்ப்புறத்துக்கென்று களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீடு வீடாகப் போவது, பதிவது, மீண்டும் போவது என்னும் முறை அங்கேதான் வேரூன்றிற்று. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. நான்காண்டு கழித்து மலேரியா வந்தது. வாக்குள்ள மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது அரசாங்க சபை உறுப்பினர் வாளாவிருக்க முடியுமா? கிராம ஆஸ்பத்திரிகளும் சுகாதாரப் பிரிவுகளும் மருத்துவ மாதர் பதவிகளும் பெருகியதன் பின்னணி இது. இதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு: தாய்மாரின் வாக்குச்சீட்டு, தாய்மாரின் உயிரைக் காத்த மருந்துகளில் ஒன்று.

இன்றைக்கு அந்த 2,650 என்பது 30 என்ற அளவை ஒட்டி நிற்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் பேறுக்கு ஒரு தாய். இதை மருத்துவ மாதர் மட்டுமே சாதித்தார்கள் என்று நான் மார்தட்டினால் அது பொய்யாகும். நுளம்பை ஒழித்த மருந்துண்டு, இலவசக் கல்வியுண்டு, இரத்த வங்கியுண்டு, அறுவைச் சிகிச்சையுண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் தார்ச்சாலையுண்டு. எனினும் இவை எல்லாவற்றுக்கும் தாயைக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் ஒருத்தி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

என் கதையையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் கோரிக்கைக்கு அது வேண்டும். நான் 1961இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே லயத்து அறையில் பிறந்தவள். என் தாய்க்குப் பேறு பார்த்தவள் தோட்டத்து மருத்துவச்சி. துரையின் சம்பளப் புத்தகத்தில் இருந்தவள், அரசாங்கத்தாள் அல்லள். தோட்டத்து மக்களுக்கு ஒரு சுகாதாரம், ஊர் மக்களுக்கு ஒரு சுகாதாரம் என்றிருந்த காலம் அது. 1948இல் எங்கள் மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட கதை நீங்கள் அறிந்ததே. என் தந்தையார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பதிவு பெற்ற சிலருள் ஒருவர். அந்த ஒரு துண்டுக் கடுதாசி இருந்தபடியால்தான் நான் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட முடிந்தது. அடுத்த காம்பராவில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கொழுந்துக்குப் போனாள்.

பதினெட்டு மாதப் பயிற்சி முடித்து, முதலில் எனக்குக் கிடைத்தது சிங்களக் கிராமமொன்று. தோட்டத்துப் பள்ளியில் நான் சிங்களம் கற்கவில்லை. அந்தக் கிராமத்துத் தாய்மாரே கற்பித்தார்கள். தலைவலியை அவர்கள் எப்படிச் சொல்லுவார்கள், வயிற்றில் பிள்ளை அசையாததை எப்படிச் சொல்லுவார்கள் என்று ஒவ்வொன்றாய்க் கற்றேன். கற்றுத் தேறுவதற்குள் எத்தனை தலைவலிகளை நான் தவறாக விளங்கினேனோ, இறைவனுக்கே வெளிச்சம். பிறகு இந்தப் பக்கம் வந்தேன். வந்த அன்று ஒரு வீட்டிலே, "மிஸ்ஸி தமிழ் பேசுறா!" என்று பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூவி அழைத்த குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

இனி நான் கண்ணால் கண்ட காலங்களுக்கு வருகிறேன்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையிலே ஓர் உணவுக் கடையில், சோற்றுக் கறியில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு புரளி கிளம்பிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையன்று, வெறும் மாவுக் கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உண்மை நொண்டிக்கொண்டு வருவதற்குள் புரளி ஊரைச் சுற்றிவிட்டது. அதே வேளையில் தெல்தெனியாவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் ஆஸ்பத்திரியிலே உயிர் துறந்தார். அக்கொலையைச் சாக்காகக் கொண்டு திகனையில் மூண்ட தீ கட்டுகஸ்தோட்டை, அம்பதென்னை, அக்குறணை என்று படர்ந்தது. மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை, கண்டியெங்கும் ஊரடங்கு. கடைகள் எரிந்ததை இங்கிருப்போர்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்த இரவுகளில் ஒன்றிலே என் பகுதியில் தலைச்சன் கர்ப்பிணி ஒருத்திக்கு மண்டை பிளக்கும் வலி. இரத்த அழுத்தம் 150க்கு 100. கால் வீங்கியிருந்தது, கண்ணில் மின்மினி பறக்கிறது என்றாள். எங்கள் தொழிலில் இந்த நான்கும் சேர்ந்தால் ஒரே சொல்தான்: உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு வந்துவிட்டால் தாயுமில்லை, பிள்ளையுமில்லை. ஆனால் வீதியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவள் வாப்பா, "ரோட்டில் கொல்லுவதற்கு வீட்டிலேயே சாகட்டும், மிஸ்ஸி" என்றார். அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை.

அடுத்த பகுதி மருத்துவ மாதுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிங்களப் பெண்மணி. பொலிசாருடன் பேசினார், அனுமதி வாங்கினார், தம் ஊர் முச்சக்கர வண்டிச் சாரதியோடு தாமே ஏறி எட்டாங் கட்டைவரை வந்தார். வெள்ளைச் சீருடை உடுத்தி வண்டியின் வாசற்புறமாக, வெளியே தெரியும்படி உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கொண்டுபோனார். பிள்ளை பிறந்தது. அந்தச் சீருடையை அன்று கல் தாக்கவில்லை. தாக்கியிருக்கவும் கூடும் என்பதை அவர் அறிந்தே உடுத்தார்.

இதற்கு அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அதன் பின்னே குருநாகலில் மருத்துவர் ஷாபி மீது, சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்ற பெரும்பழி. 2019 மே மாதத்தில் கைதானார். குற்றத்துக்குச் சான்றில்லை என்று புலனாய்வினர் நீதிமன்றத்தில் அறிவித்தும், அவர் மீண்டும் பணியில் அமரப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இதனால் வந்த கேடு அந்த ஒருவரோடு நின்றதா? சிங்களத் தாய் முஸ்லிம் மருத்துவரைக் கண்டு அஞ்சினாள். முஸ்லிம் தாய் சிங்களத் தாதியின் ஊசியைக் கண்டு அஞ்சினாள். "இந்த ஊசியில் என்ன இருக்கு?" என்று என்னிடமே கேட்டார்கள், இருபது ஆண்டு பழகிய வீடுகளில்! ஏற்பு வலி ஊசியை மூன்று முறை விளக்கி, மருந்துக் குப்பியின் பெயரைப் பிள்ளையின் மாமாவைக் கொண்டு வாசிப்பித்துப் பிறகு போட்டேன். விளக்குவதற்குச் சோம்பியிருந்தால் அந்த வீடு எனக்கு அடைபட்டிருக்கும். வதந்தியின் காலத்தில் பொறுமையாக விளக்குவதும் மருத்துவம்தான். அதற்குப் படி ஏதும் தருவாரில்லை.

அன்பர்களே! இப்போது 2020க்கு வருகிறேன். இதிலே என் குற்றமொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது.

மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு. மாத இறுதியிலே நம் அக்குறணை தனியே மூடி முத்திரையிடப்பட்டது. உள்ளே வருவாருமில்லை, வெளியே போவாருமில்லை. "கொரோனா ஊர்" என்று தொலைக்காட்சி எங்களைப் பேர் சொல்லி அழைத்தது. கிளினிக்குகள் நின்றன. ஆனால் ஒன்பதாம் மாதம் ஊரடங்குக்குக் கட்டுப்படுமா? பதிவேட்டைத் திறந்து, நாள் நெருங்கியவர் யார், இரத்தக் குறைவுள்ளவர் யார், சர்க்கரை நோயுள்ளவர் யார் என்று சிவப்புக் கோடிட்டுப் பிரித்தேன். காலையில் தொலைபேசி, மாலையில் நடை. இரும்புச் சத்து வில்லையைக் கதவடியில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, "கால் வீக்கம் இருக்கா? பிள்ளை துடிக்குதா?" என்று கேட்பேன். அண்டை வீட்டாரெல்லாம் கேட்க அந்தரங்கத்தைக் கேட்கும் கொடுமை! வெட்கத்தால் "ஒன்றுமில்லை மிஸ்ஸி" என்று சொன்னவர் எத்தனை பேர்.

அந்நாளிலே ஒருவர் வந்து, எந்தெந்த வீட்டுக்கு வெளியூரார் வந்துபோனார் என்று நான் கண்டதை எழுதித் தரும்படி கேட்டார். தொற்றைத் தேடுவது வேண்டிய வேலைதான். அதற்கு ஆட்கள் இருந்தார்கள். நான் மறுத்தேன். கர்ப்பிணிகளின் பட்டியல் வேண்டுமா, மருந்தும் உணவும் கொண்டுபோக, இதோ தருகிறேன். பாயில் உட்கார்ந்து கண்டதைப் படலைக்கு வெளியே விற்கமாட்டேன் என்றேன். ஒரு முறை விற்றால் மறுமுறை பாய் விரியாது. அந்த அளவிலே நான் தொழிலைக் காத்தேன்.

காவாத இடம் வேறு. கொவிட்டால் இறந்தோரின் உடலை எரித்தே தீரவேண்டும் என்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நம் நாட்டார் கேட்கவில்லை. டிசம்பரிலே, பிறந்து இருபது நாளே ஆன முஸ்லிம் சிசுவொன்று கொழும்பில் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியிலே மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து என் பகுதியிலே யாருக்கும் காய்ச்சல் இல்லை! இருமல் இல்லை! எல்லாரும் சுகம்! நான் அறிவேன், அது சுகமன்று. கதவுக்குப் பின்னே மூடிவைத்த நோய்.

எட்டு மாதம் கடந்த ஒருத்தி வீட்டில் இல்லை என்றார்கள். மூத்தம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் மாமியார். உள்ளே இருமல் கேட்டது. அந்த மாமியாரை எனக்கு முப்பதாண்டாய்த் தெரியும். அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் நானே நிறை பார்த்தவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "உம்மா, திறவுங்கள். ஒன்றும் ஆகாது. யாரையும் எரிக்கும் நிலை வராது. நான் பொறுப்பு."

திறந்தார். மருமகளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலே உயிர்வாயு கொடுத்தார்கள், பிள்ளை பிறந்தது, இருவரும் பிழைத்தனர். ஆனால் அந்த வீட்டிலே தொற்று மாமியாரையும் பற்றியிருந்தது. ஜனவரியில் அவர் காலமானார். எரித்தார்கள்.

நான் பொறுப்பு என்று சொன்னவள் நான். அந்த வர்த்தமானியை மாற்ற எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றுமில்லை. கதவு திறக்கவேண்டும் என்ற அவசரத்தில், என்னிடம் இல்லாததை வாக்குக் கொடுத்தேன். நாற்பத்திரண்டாம் நாள் பிள்ளையைப் பார்க்கப் போகவேண்டும், அது விதி. நாற்பது கழிந்து தலைமுழுகியிருந்தாள் அந்தப் பெண். கதவைத் திறந்தாள். ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து தராசில் கிடத்தினாள். நிறையை எழுதினேன். பாய் விரிக்கவில்லை. நின்றபடியே எழுதிவிட்டு வந்தேன்.

2021 பெப்ரவரி 25இல் புதைக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. ஓட்டமாவடியில் அடக்கம் செய்தார்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. நல்லது. நான் வேறொன்றைக் கேட்கிறேன், என்னையே கேட்கிறேன். அந்தக் கட்டளையால் தாய்மார் நோயை மறைக்கிறார்கள், இதனால் உயிர் போகும் என்பதை அந்த டிசம்பரிலே நாட்டில் முதலில் அறிந்தவர்கள் யார்? என்னைப் போன்ற மருத்துவ மாதர்தாம். மேலிடத்துக்கு எழுதினேனா? மாதாந்த அறிக்கையிலே பார்த்த வீடு இத்தனை, கொடுத்த வில்லை இத்தனை என்று நிரப்பி அனுப்பினேன். அச்சத்தால் அடைபட்ட கதவு இத்தனை என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கட்டளை மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதியிருக்க வேண்டும். மேலிருந்து வரும் கட்டளையை வீட்டுக்குக் கொண்டுபோகும் தூதுவள் மட்டும் அல்லள் மருத்துவ மாது. வீட்டின் செய்தியை மேலே கொண்டுபோகவும் கடமைப்பட்டவள். முப்பத்தைந்து ஆண்டில் முன்னதை நான் குறைவறச் செய்தேன். பின்னதைச் செய்யவேண்டிய நாளில் பேனாவை மூடி வைத்தேன். இனி வரும் இளம் மாதருக்கு இதைச் சொல்லாமல் நான் கண்மூடக் கூடாது.

2021இலே தடுப்பூசி வந்தபோது கர்ப்பிணிகள் தயங்கினார்கள். கொவிட்டுக்குப் பல தாய்மாரை அவ்வாண்டு பலிகொடுத்தோம். அவ்வாண்டு முடிவிலே நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்றவளை விதி விட்டதா? 2022 வந்தது. இது உழவர் பெருமக்களுக்கு நெருங்கிய கதை. 2021 மே மாதத்திலே இரசாயன உரத்தை ஒரே இரவில் தடுத்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் ஒரு போகம் போயிற்று. நெல் குறைந்தது எல்லாருக்கும் தெரியும். சோளமும் குறைந்தது. சோளம் குறைந்தால் என்ன? 1973 முதல் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் இந்நாடு கொடுத்துவந்த திரிபோஷ மா, சோளத்தாலும் சோயாவாலும் ஆனது. 2022இல் கிளினிக்குக்கு வந்த தாய்மார் வெறும் பையோடு திரும்பினார்கள். உங்கள் வயலில் விழுந்த அடி, தொட்டிலிலே போய் நின்றது! இந்தத் தொடர்பைக் கொழும்பிலே கட்டளை எழுதியவர் கண்டிருப்பாரா? பிள்ளையின் வளர்ச்சிக் கோடு கீழே சாய்வதை மாதந்தோறும் பென்சிலால் குறிக்கும் மருத்துவ மாது கண்டாள்.

பெற்றோலும் இல்லை. என் இடத்துக்கு வந்த பெண் மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு மேட்டு வீடுகளுக்கு நடந்தாள்; மூன்று நாள் வரிசையில் நின்று இரண்டு லீற்றர் வாங்கினாள். வரிசையில் நின்ற மூன்று நாளும் எந்தத் தாயையும் பார்க்கவில்லை. பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே மருந்தில்லாமல் நாள் குறித்த அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைத்ததும் அந்த மார்ச்சில்தான்.

பின்பு 2025 நவம்பர் 28. டித்வா புயல். பெருமழை பெய்தால் பிங்கா ஓயா நம் கடைவீதிக்குள் வருவது பழைய வழக்கம். நாமும் சாமான்களை மேலே தூக்கிவைத்துப் பழகிவிட்டோம். இம்முறை மலையே இறங்கி வந்தது. இலங்கையிலே கண்டி மாவட்டம்தான் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது. வீதி அறுந்தது, மின்சாரம் அறுந்தது, தொலைபேசியும் அறுந்தது. அன்றிரவு நான் படுக்கையில் கிடந்தபடி மேட்டு வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்: அங்கே ஒருத்தி நிறைமாதமாக இருப்பாளே, அவளை இறக்கினார்களா? என் கையில் பதிவேடு இல்லை. யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறியாமை எவ்வளவு பயங்கரமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 1935இல் நாடு முழுவதும் அந்த அறியாமையில்தானே கிடந்தது!

ஆகவே பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் கிராம அலுவலர்களும் இங்கிருப்பதால் ஒன்று கேட்கிறேன். மழை எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவ மாதுவின் பதிவேட்டைத் திறவுங்கள். முப்பத்தாறு வாரம் கடந்தவர்களைச் சரிவிலிருந்து இறக்கி, ஆஸ்பத்திரிக்கு அண்மையில் உறவினர் வீட்டிலே இருத்துங்கள். கண்டியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு உறவில்லாத வீடு நம் ஊரில் உண்டா? இதற்குப் பெரும் பணம் வேண்டாம். முதல் நாளே செய்யும் முயற்சிதான் வேண்டும். மண் சரிந்த பின் ஹெலிகொப்டர் தேடுவதைவிட மலிவு.

இனி என் முக்கியமான கோரிக்கை. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கக்கூடும்.

ஏறத்தாழ மூவாயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவ மாது என்பது கணக்கு. நான் பல ஆண்டுகள் இரண்டு பகுதிகளைத் தனியே சுமந்தேன், வெற்றிடம் நிரம்பவில்லை. நிரம்பினாலும் தமிழ் பேசும் பெண் வருவது அருமை. 1987இலே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். பேறுகால வலியில் கிடப்பவள் அரசியலமைப்பையா வாசிப்பாள்? "கண்ணில் மின்மினி பறக்குது" என்று அவள் சொல்லும்போது அருகிலிருப்பவளுக்கு அது விளங்கவேண்டும். நம்மிடையே பணியாற்றும் சிங்கள மாதர்மீது எனக்குக் குறையில்லை. 2018இன் அந்த இரவைச் சொன்னேன். அவர்களுள் பலர் நம் மொழியைத் தாமாகவே கற்றார்கள், நான் சிங்களம் கற்றது போல. ஆனால் கற்றுத் தேறும்வரை தாய்மார் பொறுத்திருப்பார்களா?

ஒரு பழைய செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் இருந்தார். 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். கலைச்சொல் ஒவ்வொன்றையும் தேடித் தேடி உருவாக்கினார். அந்நியர் ஒருவர் அன்று அவ்வளவு பாடுபட்டார். இன்று தமிழில் படித்து, தமிழில் பேறு பார்க்க ஆளைத் தேடி அலைகிறோம்!

அரசாங்கத்தின்மீது மட்டும் பழி போட்டு இறங்கிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். உண்மை அதுவன்று. இந்த ஊரிலே உயர்தரம் படித்த பெண்பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது எத்தனை வாப்பாமார் மகளின் கையொப்பத்துக்குப் பேனா கொடுத்தீர்கள்? எத்தனை தோட்டத்துத் தகப்பன்மார்? "வீடு வீடாக அலையும் உத்தியோகம், கலியாணத்துக்கு ஆகாது" என்று சொன்ன வாய்கள் இங்கேயே இருக்கின்றன. நான் அறிவேன், ஏனென்றால் மூன்று பிள்ளைகளுக்காக நானே வந்து உங்களிடம் பேசினேன். பெண் மருத்துவர்தான் மகளைப் பார்க்கவேண்டும், ஆண் பார்க்கக்கூடாது என்பீர்கள். நம் மொழி பேசுபவள்தான் வேண்டும் என்பீர்கள். அவள் யார் வீட்டு மகளாக இருக்கவேண்டும்? அடுத்த வீட்டு மகளாகவா?

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது நியாயம். மேட்டு வீதியிலே தனியே போகும் பெண்ணுக்கு நாய் உண்டு, மழையுண்டு, குடிகாரனும் உண்டு. எனக்கு முப்பத்தைந்து ஆண்டில் இரண்டு முறை பயம் வந்தது. இரண்டு முறையும் வயலில் நின்ற உழவர் ஓடிவந்தார். தங்குவதற்கு ஊர்ச்சபை ஓர் அறை கொடுக்கட்டும். கிளினிக் நாளிலே பள்ளிவாசல் மண்டபத்தைத் திறந்து கொடுங்கள். கோவில் மடத்தைத் திறந்து கொடுங்கள். விகாரைக்காரர்கள் சில ஊர்களில் ஏற்கெனவே கொடுக்கிறார்கள்.

நான் சொன்ன அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி இப்போது இங்கே, பின்வரிசையில், தாயோடு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் முறை விண்ணப்பிக்கப் போகிறாள்; அவளுடைய தாய் கையொப்பமிட்டாயிற்று. தந்தையார் முன்வரிசையில் இருக்கிறார். மற்ற இரு பிள்ளைகளின் வாப்பாமாரையும் இந்த மண்டபத்திலே காண்கிறேன். விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.